கேட்பவரின் கடன்

குடிவந்தவர்களுக்கான ஆங்கில வகுப்பைப் பற்றிக் கெட்டதாகப் பேசும் ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. அரசு அதை ஆதரிக்கிறது. நூலகங்களும் தேவாலயங்களும் இடம் கொடுக்கின்றன. மனைவி தனியே வெளியில் போவதை விரும்பாத கணவர்கூட, நாலு பேருக்கு முன்னால் கேட்டால், "போய்ப் படிக்கட்டுமன், நான் மறிக்கேல்லையே" என்றுதான் சொல்வார். எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒன்றைக் கேள்விக்கு உட்படுத்துவது வீண்வேலையாகத் தோன்றலாம். ஆனால் பெண்களுக்கு நல்லது என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் விடயங்களைத்தான் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் அப்படியான ஒரு வகுப்பில் சில ஆண்டுகள் உதவியாளராக இருந்திருக்கிறேன். ஆசிரியர் சொல்வது விளங்காதவர்களுக்குப் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்துவது, படிவம் நிரப்ப உதவுவது, வராமல் நின்றவர்களுக்குத் தொலைபேசி எடுப்பது என் வேலைகள். "பிள்ளைக்குக் காய்ச்சல்", "மாமிக்கு ஏலாது, பார்க்க ஆளில்லை", "வேலை நேரத்தை மாத்திப்போட்டாங்கள்" என்று காரணங்கள் வரும். எல்லாமே நியாயமான காரணங்கள். ஆனாலும் அநேகமாக எல்லோரும் கடைசியில் ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள்: "குறை நினைக்காதேங்கோ." அந்த மன்னிப்புக் கேட்கும் குரலில்தான் இந்தக் கட்டுரையின் கேள்வி இருக்கிறது.

புதிய நாட்டின் மொழியைக் கற்பது வந்தவளின் கடமையா, அல்லது கற்பிப்பது அந்த நாட்டின் கடமையா? முன்னது சரி என்றால், மொழி தெரியாமல் இருப்பது அவளுடைய குற்றம். வகுப்பு என்பது அவளுக்குக் காட்டப்படும் தயவு. பின்னது சரி என்றால், வகுப்பு அவளுக்குச் சேரவேண்டிய ஒன்று. அது கிடைக்காதபோது பதில் சொல்ல வேண்டியவர் வேறொருவர். இந்த இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. அவள் கற்று முடிக்கும்வரை, அல்லது ஒருபோதும் கற்று முடிக்காமலே போனால், அவள் சொல்வதைக் கேட்கும் பொறுப்பு யாருடையது?

*

யாருக்குக் கற்பிப்பது என்ற கேள்வியிலேயே பெண் பின்வரிசைக்குப் போய்விடுகிறாள். இன்று கனடிய மத்திய அரசு நடத்தும் 'லிங்க்' வகுப்புகள் 1992இல் தொடங்கியவை. அதற்கு முன்னர் முழுநேர மொழிப் பயிற்சி வேலைவாய்ப்புத் திட்டங்களின் ஒரு பகுதியாக இருந்தது. அதில் சேர்ந்தவர்களுக்கு வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால் அது தொழிற்சந்தைக்குப் போகவிருப்பவர்களுக்கானது. குடிவரவு விண்ணப்பத்தில் கணவர் குடும்பத் தலைவர், மனைவி தங்கிவாழ்பவர். தலைவருக்குப் பயிற்சி, தங்கிவாழ்பவருக்குக் காத்திருப்பு. குடும்ப வகையில் ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்தவர்களுக்கு உதவித்தொகை இல்லை. அழைத்தவர் பார்த்துக்கொள்வார் என்பது சட்டத்தின் எண்ணம். அந்நாளில் அந்தப் பொறுப்பு 10 ஆண்டுகள் வரை நீண்டது.

இன்னொரு தர்க்கமும் இருந்தது. தையல் தொழிற்சாலைக்கும் துப்புரவு வேலைக்கும் ஆங்கிலம் தேவையில்லை. ஆகவே அந்த வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மொழிப் பயிற்சியும் தேவையில்லை. இதை மெதுவாக ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாததால் அவளுக்குத் துப்புரவு வேலை கிடைக்கிறது. துப்புரவு வேலை செய்வதால் அவளுக்கு ஆங்கிலம் கிடைப்பதில்லை. இந்த வட்டத்துக்குள் அகப்பட்டவள் பத்து ஆண்டுகள் கழித்து வெளியே வந்தால், "இவ்வளவு காலம் இருந்தும் பாஷை படிக்கேல்லையே" என்று அவளைத்தான் கேட்பார்கள்.

1980களில் குடிவரவுப் பெண்களின் அமைப்புகள் இதை எதிர்த்துப் போராடின. மொழிப் பயிற்சியில் பெண்களை ஒதுக்குவது சமத்துவ உரிமையை மீறுவது என்று வாதாடின. 1992இல் வந்த புதிய திட்டம், வேலைக்குப் போகிறாரா இல்லையா என்று பாராமல், நிரந்தர வதிவிட உரிமை பெற்ற வளர்ந்தோருக்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதிகளுக்கும் கதவைத் திறந்தது. பல வகுப்புகளில் பிள்ளை பராமரிப்பும் சேர்க்கப்பட்டது. இது சிறிய வெற்றி அல்ல. பக்கத்து அறையில் பிள்ளை விளையாடும் சத்தம் கேட்கும்போதுதான் தாய் நிம்மதியாக எழுத்துக்கூட்ட முடியும். அந்த அறைக்காகப் போராடியவர்களை நாம் மறக்கக்கூடாது.

ஆனால் உதவித்தொகை போய்விட்டது. வகுப்பு இலவசம், நேரம் இலவசமல்ல. எங்கள் வீடுகளில் படிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கணவர், ஏனென்றால் அவருக்கு ஓட்டுநர் உரிமமும் நல்ல வேலையும் வேண்டும். பிறகு பிள்ளைகள். பிறகு ஊரிலிருந்து அழைக்க வேண்டிய தம்பிக்குக் காசு சேர்க்க ஓவர்டைம். கடைசியில் அவள். அந்த முறை வரும்போது சிலவேளை கதவு மூடப்பட்டிருக்கும். குடியுரிமை பெற்றவர்களுக்கு மத்திய அரசின் வகுப்பில் இடமில்லை. கனடிய மொழி அளவுகோலில் 12 நிலைகள் உண்டு. 18 முதல் 54 வயது வரையானவர்களிடம் குடியுரிமைக்காகக் கேட்கப்படுவது நான்காவது நிலைப் பேச்சும் கேட்டலும்தான். அது கடையில் சாமான் வாங்கவும் பக்கத்து வீட்டுக்காரரோடு காலநிலை பற்றிப் பேசவும் போதும். மகனைப் பாடசாலையில் ஏன் தண்டித்தார்கள் என்று அதிபரிடம் விவாதிக்கப் போதாது. அந்த நிலையைத் தொட்டுக் குடியுரிமை எடுத்த பெண், மேலே படிக்க நேரம் கிடைக்கும் காலத்தில் அந்த வகுப்புக்கு உரியவளாக இருப்பதில்லை. மறுபக்கம், அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு விசாரணைக்குக் காத்திருப்பவளுக்கும் அதில் இடமில்லை. ஒன்ராறியோவில் மாகாண அரசின் பணத்தில் பாடசாலைச் சபைகள் நடத்தும் வகுப்புகள் இவர்களை ஏற்றுக்கொள்கின்றன. அதைத் தெரிந்துகொள்வதற்கே பலருக்கு ஆண்டுகள் எடுக்கின்றன.

ஆக, மொழி கற்பது வந்தவளின் கடமை என்று ஒருவர் சொன்னால், அந்தக் கடமையைச் செய்வதற்கான நேரமும் இடமும் அவளுக்கு எப்போது கொடுக்கப்பட்டன என்று நாம் திருப்பிக் கேட்கலாம். செய்ய முடியாதபடி வைத்துவிட்டுச் செய்யவில்லை என்று குற்றம் சொல்வது நீதியாகாது.

*

என்ன கற்பிக்கப்படுகிறது என்பது அடுத்த கேள்வி. மொழி வகுப்பில் மொழி மட்டும் கற்பிக்கப்படுவதில்லை. இதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

1914இல் அமெரிக்காவின் டெட்ரொய்ட் பகுதியில் ஃபோர்ட் கார்க் கொம்பனி தன் குடிவரவுத் தொழிலாளர்களுக்காக ஒரு ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கியது. அதன் பட்டமளிப்பு விழாவில், தங்கள் நாட்டு உடைகளோடு மாணவர்கள் ஒரு பெரிய கொப்பரைக்குள் இறங்குவார்கள். மறுபக்கத்தால் அமெரிக்க உடையும் கையில் அமெரிக்கக் கொடியுமாக வெளியே வருவார்கள். அது ஆண்களுக்கான பாடம். பெண்களுக்கு வேறு பாடம் வைத்திருந்தார்கள். 1915இல் கலிபோர்னியா மாநிலம் வீட்டு ஆசிரியர் சட்டம் ஒன்றை இயற்றியது. ஆசிரியைகள் குடிவரவுத் தாய்மாரின் வீடுகளுக்கே போய் ஆங்கிலத்தோடு சுகாதாரம், சமையல், பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார்கள். தாயை மாற்றினால் குடும்பம் மாறும் என்பது கணக்கு. 1929இல் அதே மாநிலத்தில் பேர்ள் எல்லிஸ் என்ற ஆசிரியை, வீட்டு வேலைகளின் ஊடாக மெக்சிக்கப் பெண்பிள்ளைகளை அமெரிக்கர்களாக்குவது பற்றி ஒரு நூலே எழுதினார். மொழி கற்பிக்க வந்தவர்கள் அடுப்படிவரைக்கும் வந்துவிட்டார்கள்.

இன்றைய வகுப்புகள் அப்படியல்ல. கொப்பரைகள் இல்லை, பலவகைப் பண்பாடுகளைக் கொண்டாடும் நாட்கள் உண்டு. ஆனால் எந்த வாக்கியங்களைக் கற்பிக்கிறோம் என்று பார்த்தால் பழைய கணக்கு கொஞ்சம் மிஞ்சியிருப்பது தெரியும். எல்சா அவர்பாக் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். வாழ்க்கைக்குத் தேவையான திறன்கள் என்ற பெயரில் வளர்ந்தோர் ஆங்கில வகுப்புகள் குடிவந்தவர்களைக் கீழ்நிலை வேலைகளுக்கும் பணிவுக்கும் பழக்குகின்றன என்பது அவர் விமர்சனத்தின் ஒரு பகுதி.

நான் பார்த்த வேலைத்தலப் பாடங்களில் அடிக்கடி வரும் வாக்கியங்கள் இவை: மன்னிக்கவும், நான் பிந்திவிட்டேன். இதை எப்படிச் செய்வது என்று காட்டுவீர்களா? நாளைக்கு நான் வரமுடியாது, எனக்குச் சுகமில்லை. இவை தேவையான வாக்கியங்கள்தான். ஆனால் பக்கத்தில் இருந்த பெண்கள் என்னிடம் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போன வாக்கியங்கள் வேறு. "நான் செய்த மணித்தியாலத்துக்குச் சரியாக் காசு வரேல்லை." "இந்த மருந்து மணத்தாலதான் எனக்கு மூச்செடுக்க ஏலாமல் இருக்கு." "என்னைத் தொட்டுக் கதைக்காதேங்கோ." ஒன்ராறியோவில் பெரும்பாலான வேலைகளில் கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் தரவேண்டும். ஆபத்தான வேலையைச் செய்ய மறுக்கும் உரிமையும் தொழிலாளருக்கு உண்டு. இந்த இரண்டு விடயங்களையும் சொல்லத் தேவையான ஆங்கிலம், சுகமில்லை என்று சொல்லத் தேவையான ஆங்கிலத்தைவிடக் கடினமானதல்ல. எதை முதலில் கற்பிப்பது என்பதை இலக்கணம் தீர்மானிப்பதில்லை.

ஆசிரியர்களைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பலர் தாங்களே நிரந்தரமில்லாத வேலையில் இருப்பவர்கள். பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லி அதையே பாடமாக்கிய ஆசிரியைகளும் இருக்கிறார்கள். அந்த நாட்களில் வகுப்பில் நித்திரை தூங்கியவர் எவருமில்லை.

*

சரியான வாக்கியங்களைக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதுமா? வகுப்பில் நன்றாகப் பேசும் ஒருவர் வேலைத்தலத்தில் வாயே திறப்பதில்லை. அவருக்கு ஆர்வம் இல்லை, கூச்சம், தன்னம்பிக்கை குறைவு என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

இந்தச் சுலபமான விளக்கத்தை உடைத்தவர் பொனி நோர்ட்டன். 1990களின் தொடக்கத்தில் கனடாவில் ஐந்து குடிவரவுப் பெண்களை நாட்குறிப்பு எழுதவைத்து, அவர்களோடு பேசி, அவர் ஒரு ஆய்வு செய்தார். 1995இல் கட்டுரையாகவும் 2000இல் நூலாகவும் அது வெளிவந்தது. அந்த ஐவரில் ஒருவருக்கு அவர் கொடுத்த புனைபெயர் மார்ட்டினா. செக்கொஸ்லொவாக்கியாவில் அளவையாளராகப் பயின்றவர். கனடாவில் ஒரு துரித உணவுக் கடையில் வேலை. கூட வேலைசெய்த இளம் பிள்ளைகள் வேலையை எல்லாம் அவர் தலையில் போட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். அங்கே அவர் ஆங்கிலம் தெரியாத ஒரு குடிவரவுக்காரி. அவர் வாய் திறந்தது இலக்கணம் திருத்தமான பிறகல்ல. இந்தப் பிள்ளைகள் என் பிள்ளைகளின் வயதினர், நான் ஒரு தாய் என்ற இடத்தில் தன்னை நிறுத்திக்கொண்டபோதுதான் அவரால் அதட்டிப் பேச முடிந்தது. போலந்தில் ஆசிரியையாக இருந்த கத்தரினாவின் கதை வேறு. கணினிப் பயிற்சிக்குப் போக உன் ஆங்கிலம் போதாது என்று ஆசிரியர் சொன்னதும் அவர் வகுப்பையே விட்டுவிட்டார். அவரை வகுப்பிலிருந்து அனுப்பியது சோம்பலல்ல. இங்கே நான் யாருமில்லை என்ற அவமானம்.

நோர்ட்டன் சொல்வதன் சாரம் எனக்கு இப்படி விளங்குகிறது: பேசும் திறன் ஒன்று, பேசும் உரிமை இன்னொன்று. ஒருவர் பேசுவதற்கு, அவர் பேசினால் கேட்கப்படுவார் என்ற நிலை முன்கூட்டியே இருக்க வேண்டும். அந்த நிலையை வகுப்பால் மட்டும் உண்டாக்க முடியாது. எங்கள் பெண்களுக்கு இது புதிய செய்தியா? ஊரில் தமிழிலேயே, தாய்மொழியிலேயே, எத்தனை சபைகளில் எங்கள் சொல் ஏறவில்லை. காணி எழுதும்போது, கலியாணம் பேசும்போது, கோயில் கூட்டத்தில், இயக்கக் கூட்டத்தில், எங்களுக்கு இலக்கணம் தெரியாமலா பேசாமல் இருந்தோம்? பெண்ணின் மௌனத்தை மொழிக் குறைபாடு என்று வாசிப்பவர்கள், அவள் மொழி அறிந்த இடத்திலும் மௌனமாக இருந்ததை விளக்கவேண்டும்.

விளங்கிக்கொள்வது இரண்டு பேரின் வேலை. ஒருவர் சொல்லத் தேடுகிறார். மற்றவர் கேட்கத் தேடுகிறார். இந்த வேலை எங்கள் விடயத்தில் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று மருந்தகத்தின் வரிசையில் நின்று பார்த்தால் தெரியும். எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு வந்த பெண் தன் மூன்றாவது மொழியில் ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள். எதிரே நிற்பவர், ஒரே ஒரு மொழி மட்டும் தெரிந்தவர், "என்ன?" என்று முகத்தைச் சுழிக்கிறார். அதில் யார் அதிகம் உழைக்கிறார்? யாருக்குக் குறைபாடு என்று பெயர்?

*

இதுவரை வாசித்தவர்களில் சிலர், அப்படியென்றால் ஆங்கிலம் படிக்கத் தேவையில்லை என்கிறீரா என்று கேட்கலாம். இல்லை. அந்தப் பக்கத்துக்கு என் வாதம் போகாது.

எங்கள் சமூகத்துக்குள் அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்காபரோவில் தமிழ்க் கடை இருக்கிறது, தமிழ் வைத்தியர், தமிழ் வழக்கறிஞர், தமிழ்க் காப்புறுதி முகவர், தமிழ் வானொலி எல்லாம் இருக்கின்றன. அவளுக்கு என்னத்துக்கு இங்கிலீஷ் என்பார்கள். இந்த வசதி ஒரு பெரும் சாதனை. 1983க்குப் பிறகு ஒன்றுமில்லாமல் வந்து இறங்கியவர்கள் கட்டியெழுப்பியது. ஆனால் அந்த வசதியின் விலையைப் பெண்கள்தான் அதிகம் கொடுக்கிறார்கள். தமிழ் வைத்தியரின் காத்திருப்பு அறையில் மாமியாரின் ஊர்க்காரர் இருப்பார். வழக்கறிஞரின் அலுவலகத்தில் கணவரின் நண்பரின் மனைவி வேலை செய்வார். கருத்தடை பற்றி, மனச்சோர்வு பற்றி, இரவில் விழும் அடி பற்றி ஒரு பெண் யாரிடமாவது சொல்ல நினைத்தால், அவளுக்கு உறவு இல்லாத ஒரு காது வேண்டும். சிலருக்கு ஆங்கிலம் அந்தக் காதுக்குப் போகும் வழி.

இதை வீட்டில் உள்ளவர்களும் அறிவார்கள். கத்லீன் ரொக்ஹில் 1987இல் வெளியிட்ட ஆய்வில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் ஸ்பானிய மொழி பேசும் குடிவரவுப் பெண்களுக்கு ஆங்கில எழுத்தறிவு ஒரே நேரத்தில் ஆசையாகவும் அச்சுறுத்தலாகவும் இருந்ததைக் காட்டினார். ஆசை அவர்களுடையது, அச்சுறுத்தல் வீட்டின் அதிகாரத்துக்கு. படிக்கப் போகும் மனைவி வேறு ஆளாகத் திரும்பி வந்துவிடுவாள் என்ற பயம் சில வீடுகளில் அடியாகவும் விழுந்தது. எங்கள் வீடுகளிலும் இதன் சாயல் உண்டு. வகுப்பு நாளில்தான் விருந்தினர் வருவார்கள். வகுப்பு நேரத்தில்தான் கார் திருத்தக் கொடுக்கப்படும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்புக்கு வருபவர்கள் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதில்லை. போராலும் இடப்பெயர்வாலும் பாடசாலை குழம்பிப்போன பெண்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். தமிழிலேயே சரளமாக வாசிக்காதவருக்கு ஆங்கில நெடுங்கணக்கு இன்னொரு மொழி மட்டுமல்ல. பேனையைப் பிடிக்கும் பழக்கத்திலிருந்து தொடங்குவது. அவருக்குப் பக்கத்தில் ஊரில் விஞ்ஞானம் படிப்பித்த ஒரு ரீச்சர், ஆறு வயதுப் பிள்ளைக்கான படம் போட்ட தாளோடு இருப்பார். ஒருவருக்கு வகுப்பு மிகவும் வேகம், மற்றவருக்கு அவமானம். இருவரையும் 'மொழி தெரியாத பெண்கள்' என்ற ஒரே பெட்டிக்குள் போடும்போது இருவருமே காணாமல் போகிறார்கள்.

ஆகவே ஆங்கிலம் வேண்டும். அது பெண்ணுக்கு அவள் கையில் இருக்கவேண்டிய சாவி. ஆனால் சாவியைக் கொடுப்பதும், சாவி இல்லாதவளை வெளியே நிறுத்துவதும் ஒன்றல்ல.

*

வெளியே நிறுத்துபவர்கள் அண்மைக் காலத்தில் பெண்ணியத்தின் மொழியிலும் பேசப் பழகிவிட்டார்கள். 2016 ஜனவரியில் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன், முஸ்லிம் பெண்களில் 22 வீதமானோருக்கு ஆங்கிலம் கொஞ்சமாகவோ முற்றாகவோ தெரியாது என்று சொல்லி, ஆங்கில வகுப்புகளுக்கு 2 கோடி பவுண் ஒதுக்குவதாக அறிவித்தார். வீட்டுக்குள் ஒடுக்கப்படும் பெண்களை விடுவிப்பது நோக்கம் என்றார். அதே அறிவிப்பில், துணைவர் விசாவில் வந்து இரண்டரை ஆண்டுகளில் ஆங்கிலத்தில் முன்னேற்றம் காட்டாதவர்கள் நாட்டில் தொடர்ந்து தங்க முடியாமல் போகலாம் என்பதும் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அதே பிரதமரின் ஆட்சியில்தான் இங்கிலாந்தில் வளர்ந்தோர் ஆங்கில வகுப்புகளுக்கான அரச நிதி பாதிக்கு மேல் வெட்டப்பட்டிருந்தது. 2013இல் அவருடைய அமைச்சர் ஒருவர், உள்ளூராட்சி சபைகள் மொழிபெயர்ப்புக்குச் செலவழிப்பதைக் குறைக்க வேண்டும், அது ஆங்கிலம் கற்கும் தேவையைக் குறைக்கிறது என்றும் அறிவுறுத்தியிருந்தார்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வகுப்பைக் குறை, மொழிபெயர்ப்பைக் குறை, பிறகு மொழி தெரியாதவளைப் பயமுறுத்து. கணவர் அடித்தால் ஆங்கிலம் அவளைக் காப்பாற்றும் என்கிறார்கள். ஆங்கிலத் தேர்வில் தவறினால் அரசே அவளைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து அனுப்பலாம் என்கிறார்கள். வீட்டிலும் பயம், அரசிடமும் பயம். பயத்தைக் கருவியாக வைத்துக்கொண்டு ஒருவரை விடுதலை செய்ய முடியுமா? வீட்டில் தன்னை விட்டுப் போகக்கூடாது என்று பயமுறுத்துபவனும், நாட்டை விட்டுப் போகவேண்டி வரும் என்று பயமுறுத்தும் அரசும் அவளிடம் ஒரே கீழ்ப்படிவைத்தான் கேட்கிறார்கள்.

இலங்கைத் தமிழர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நினைவு வரவேண்டும். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாத தமிழ் அரச ஊழியர்களின் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் அதை எதிர்த்துப் போட்ட வழக்கு 1969இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. அங்கே நாங்கள் அந்நாட்டுக்கு வந்தவர்களல்ல. எங்கள் மொழி அந்த மண்ணின் மொழி. இங்கே நாங்கள் வந்தவர்கள். தமிழில் ஆட்சி நடத்து என்று கனடாவைக் கேட்க எங்களுக்கு நியாயம் இல்லை. இரண்டும் ஒன்று என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் அந்த வரலாறு எங்களுக்கு ஒரு உரைகல்லைத் தந்திருக்கிறது. ஒரு அரசு, நாம் பேசிக்கொள்வதற்காக இந்த மொழியைக் கற்றுக்கொள் என்கிறதா? அல்லது, கற்றுக்கொள்ளும்வரை நீ சொல்வது எனக்குக் கேட்காது என்கிறதா? முதலாவது அழைப்பு. இரண்டாவது எந்த நாட்டில், எந்த மொழியில் சொல்லப்பட்டாலும் ஒதுக்குவதுதான்.

*

இந்த உரைகல்லை மருத்துவமனைக்குக் கொண்டுபோவோம். ஆங்கிலம் தெரியாத தாய்க்குக் கர்ப்பப்பையில் கட்டி. மொழிபெயர்க்கக் கூட வந்திருப்பவன் பதினொரு வயது மகன். கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது என்று வைத்தியர் கேட்கிறார். பையனுக்கு அந்தச் சொல் தமிழில் தெரியாது. தெரிந்தாலும் தாயிடம் கேட்க நா எழாது. தாய்க்குக் கேள்வி விளங்கினாலும் பதிலை மகன் காதில் போட மனம் வராது. "ஒண்டுமில்லை எண்டு சொல்லு." அந்த ஒன்றுமில்லையில் ஒரு நோய் மறைந்துபோகும். இந்த மாதிரிக் கதையைப் புலம்பெயர்ந்த எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் கேட்கலாம்.

தாய் ஆங்கிலம் படித்திருந்தால் இது நேர்ந்திராது என்பது உண்மை. ஆனால் கட்டி அவள் ஐந்தாம் நிலைக்கு வரும்வரை காத்திராது. அன்றைக்கு அங்கே தேவைப்பட்டது ஒரு பயிற்சி பெற்ற பெண் மொழிபெயர்ப்பாளர். அதை ஏற்பாடு செய்யாதது அந்த மருத்துவமனையின் தவறு, தாயின் தவறல்ல. மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் இவர்கள் மொழி படிக்கமாட்டார்கள் என்ற வாதம், ஊன்றுகோல் கொடுத்தால் கால் முறிந்தவர் நடக்கப் பழகமாட்டார் என்று சொல்வது போன்றது. நான் அறிந்தவரை, மொழிபெயர்ப்பாளரோடு பேசி மரியாதையாகத் திரும்பிய பெண்தான் அடுத்த முறை தானே பேச ஆசைப்படுகிறாள்.

அப்படியானால் தொடக்கத்தில் கேட்ட கேள்விகளுக்கு என் பதில் இது. கற்பிப்பது நாட்டின் கடமை. அவள் உழைப்பில் அந்த நாட்டின் ஹோட்டல் படுக்கைகள் விரிக்கப்படுகின்றன, முதியோர் குளிப்பாட்டப்படுகிறார்கள், பொதிகள் கட்டப்படுகின்றன. அந்த உழைப்பை வாங்கிக்கொள்ளும் நாடு மொழியைத் தயவாகக் கொடுக்க முடியாது. அது கொடுக்கவேண்டிய கடன். கற்பதில் அவளுக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் அது முதலில் அவள் தனக்குச் செய்துகொள்ளும் ஒன்று. தண்டனையின் கீழ் பிறருக்குக் கட்டும் வரி அல்ல. மெதுவாகக் கற்கும் உரிமை, பாதியில் விட்டுப் பத்து ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும் உரிமை, கடைசிவரை தட்டுத்தடுமாறிப் பேசும் உரிமை எல்லாம் அவளுக்கு உண்டு. அந்தத் தடுமாற்றத்தைக் கேட்டு முடிக்கும் பொறுமை கேட்பவரின் கடன்.

அப்படிக் கேட்பது எப்படி இருக்கும் என்பதற்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. வகுப்பின் இடைவேளையில் பார்க்கலாம். ஒரு ஆப்கானியப் பெண்ணும் ஒரு சோமாலியப் பெண்ணும் ஒரு வல்வெட்டித்துறைப் பெண்ணும் தேத்தண்ணீர்க் கோப்பையோடு கதைப்பார்கள். அங்கே இருக்கும் ஆங்கிலம் மூவருக்கும் சொந்தமில்லாதது. காலங்கள் குழம்பும், ஆண்பால் பெண்பால் மாறும், ஒருவர் கையால் காட்டுவார், மற்றவர் சொல் எடுத்துக் கொடுப்பார். முகம் சுழிப்பவர் எவருமில்லை, ஏனென்றால் எல்லோரும் இரண்டு பக்கத்து வேலையையும் செய்கிறார்கள். சீதனம் பற்றியும், போரில் போன தம்பிமார் பற்றியும், எந்தப் பேருந்து பிந்தி வரும் என்பது பற்றியும் அவர்கள் அந்த ஆங்கிலத்தில் பேசி முடித்துவிடுகிறார்கள். அளவுகோலில் அது இரண்டாம் நிலையோ மூன்றாம் நிலையோதான் இருக்கும். மருந்தக வரிசையில் எதிரே நிற்பவருக்கும் அந்தப் பொறுமையைக் கற்பிக்க ஒரு வகுப்பு வேண்டும்.